பாரிஸ் யசோதை

பயந்தவன் பேரம் பேச மாட்டான். ரங்கூன் மொகல் தெருவில் கடை வைத்திருக்கிற எவனுக்கும் இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே, ஜட்ஜ் துரை வீட்டுப் பட்லர் லூர்து மழையில் நனைந்துகொண்டு வந்து, படத்துக்குக் கண்ணாடி மாற்றத் தங்கவேலு கேட்ட கூலிக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டியபோதே தங்கவேலு விழித்துக்கொண்டிருக்க வேண்டும். பட்லர் என்பவன் அரை டஜன் முட்டைக்குக் காலைப்பொழுது முழுவதையும் செலவழித்து, கடைசியில் இன்னொரு முட்டையைக் கொசுறாக வாங்கிக்கொண்டு போகிற பிறவி. அவன் வாயை மூடிக்கொண்டு கேட்டதைக் கொடுக்கிறான் என்றால் எங்கோ எதுவோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

உடைந்துதான் இருந்தது. ஜட்ஜ் துரை வழக்குகளை விசாரிக்க மோல்மேன் போயிருந்தார். வெயிலுக்குப் பயந்து மேமியோ மலைக்கு ஏறிய துரைசானி இன்னும் இறங்கவில்லை. ஏரிக்கரைப் பங்களாவில் தனிக்காட்டு ராஜாவாக இருந்த லூர்து, ராஜாவாக மட்டும் இருந்திருந்தால் பிழைத்திருப்பான். தூசி தட்டப் போனான். சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்கிய படத்தின் மேல் துடைப்பக் காம்பு பட்டுக் கண்ணாடியில் காக்கைக்கால் மாதிரி ஒரு விரிசல் ஓடியது.

வேறு வீடாக இருந்தால் நாலு திட்டோடு போயிருக்கும். ஜட்ஜ் துரை திட்டுகிறவர் அல்ல; கேள்வி கேட்கிறவர். முட்டை ஓட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே, "நீ அந்த அறைக்குள் போனபோது ஜன்னல் திறந்திருந்ததா?" என்று மெதுவாக ஆரம்பிப்பார். மூன்றாவது கேள்விக்குள் செய்ததோடு செய்யாததும் சேர்ந்து ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும். போன மழைக்காலத்தில் வெள்ளிக் கரண்டி ஒன்று காணவில்லை என்று விளக்கு துடைக்கிற ஆளை அப்படித்தான் கேட்டார். அவன் போலீஸ் தாணாவுக்குப் போனான். கரண்டி பிறகு கழுவுதொட்டிக்கு அடியில் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை.

பங்களாவுக்குப் பின்னால் வேலைக்காரர் வரிசையில் லூர்துவின் மனைவி அமலி நிறைமாதமாக இருந்தாள். வேலை போனால் அந்த அறை போகும். அறை போனால் பிள்ளைத்தாய்ச்சியோடு மதராஸ் கப்பலின் மேல்தளத்தில், ஆட்டுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில்தான் இடம். அதற்கு முன்னால், எஜமானைக் கேட்காமல் படத்தை வீட்டுக்கு வெளியே எடுத்துப்போனதற்கு ஜட்ஜ் துரையின் அகராதியில் என்ன பெயர் என்று அவனுக்கே தெரியும். ஆகவே துரைசானி திரும்புவதற்குள் கண்ணாடியை மாற்றி ஆணியில் மாட்டிவிட்டால் விஷயம் முடிந்தது என்று கணக்குப் போட்டான்.

கணக்கு சரிதான். கட்டிக்கொடுத்த துணிதான் தவறு.

விரிசல் விட்ட கண்ணாடி படத்தைக் கீறிவிடக் கூடாதே என்று, அமலி தன் கல்யாணப் புடவையிலிருந்து கிழிந்துபோயிருந்த முந்தானைத் துண்டை எடுத்துச் சுற்றிக் கொடுத்தாள். சிவப்புப் பட்டு, ஓரமெல்லாம் நல்ல ஜரிகை. அதைத் தங்கவேலுவின் மேஜையில் வைத்துவிட்டு லூர்து, "கண்ணாடி மட்டும் நல்லதாப் போடுங்கண்ணே. யார்கிட்டயும் மூச்சு விட வேணாம்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

தங்கவேலுவின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அவன் கடையில் மட்டுமல்ல, அந்தத் தெருவில் படத்துக்குச் சட்டம் போடுகிற எல்லாக் கடையிலும் உண்டு. சாமி படத்தை வெறும் காகிதமாக மாட்ட யாருக்கும் மனது வராது. லட்சுமிக்குப் பட்டு ஒட்ட வேண்டும், முருகனுக்கு ஜரிகை வேண்டும், கிரீடத்தில் சம்க்கி மின்ன வேண்டும். வேளாங்கண்ணி மாதாவுக்கும் அப்படித்தான். சம்க்கிக்கு மதபேதம் கிடையாது. அந்தப் பட்டைக் கடைக்காரனிடம் வாங்குவது மரியாதை இல்லை. வீட்டில் கட்டி அவிழ்த்த நல்ல துணியில், கல்யாணப் புடவையிலோ முதல் குழந்தையின் சட்டையிலோ ஒரு துண்டு எடுத்து, அதிலேயே படத்தைச் சுற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள். பேச்சே வேண்டாம். துணி சுற்றி வந்தால் உடுத்த வேண்டும். காகிதம் சுற்றி வந்தால் கண்ணாடி மட்டும் போட வேண்டும்.

தங்கவேலு பட்டைப் பார்த்தான், பிரித்துக்கூடப் பார்க்காமல் மாடிக்கு அனுப்பிவிட்டான். மாடியில் உடுத்துகிற வேலை அவன் மனைவி கனகாம்பாளுடையது.

கனகாம்பாள் பிரித்துப் பார்த்தாள். ஒரு தோட்டம். புல்தரையில் ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள். அவள் முழங்காலில் சாய்ந்துகொண்டு, துணியில்லாத ஒரு கொழுத்த ஆண்பிள்ளை, பக்கத்துக் குளத்து வாத்துகளைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் வெறும் தோட்டம். கோபுரம் இல்லை, மேகம் இல்லை, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இல்லை. பெண்ணின் கவுன் வெளிறிய மஞ்சள், புல் தட்டையான பச்சை. யாரோ அவசரத்தில் அரைகுறையாக விட்டுவிட்ட யசோதை என்று அவளுக்குத் தோன்றியது. லூர்து கிறிஸ்துவ வேதக்காரன்தான், ஆனால் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது எந்தச் சாமியானால் என்ன? தாயும் பிள்ளையுமாகப் படம், கல்யாணப் பட்டு, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்ற ரகசியம். பிரசவத்துக்கு நேர்த்திக்கடன் என்று ஒரு குருட்டுக் கிழவிகூடச் சொல்லிவிடுவாள். எனவே கனகாம்பாள் வழக்கத்தைவிடக் கூடுதல் அன்போடு உட்கார்ந்தாள்.

லூர்து திரும்பி வந்தபோது மழை கொஞ்சம் விட்டிருந்தது. வாசலிலேயே நின்று, "அண்ணே, துரைசானி தந்தி குடுத்துட்டாங்க. மாந்தலே ரயில்ல நாளைக் காலைல வந்து எறங்குறாங்க. படத்தைக் குடுங்க" என்றான்.

கனகாம்பாளே படத்தை ஏந்திக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். முகம் நிறையப் பெருமை. "தம்பி, ஒண்ணும் கவலைப்படாதே. அமலிக்கு ஆம்பளப் புள்ளதான், சுகப்பிரசவந்தான்" என்று சொல்லிக்கொண்டே மேஜையில் நிமிர்த்தி வைத்தாள்.

படத்துப் பெண் சிவப்புப் பட்டில் ஜொலித்தாள். நெற்றியில் ஒரு சம்க்கிப் பொட்டு. பிள்ளைக்கு இடுப்பில் ஜரிகைக் கோவணம், காலில் தண்டை, தலையில் மயிற்பீலி. புல்லெல்லாம் பச்சைச் சம்க்கி. வாத்துக்குக்கூடக் கழுத்தில் ஒரு முத்துச்சரம்.

லூர்து சிரித்தான். அவன் ஏன் சிரித்தான் என்று அவனுக்கே தெரியாது. பிறகு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான்.

"இது துரையோட அம்மா பாரிஸ்ல வாங்குனதுண்ணே" என்றான். "செத்துப்போன அம்மா."

"யாரு வாங்குனா என்ன, இப்ப லட்சணமா..." என்று ஆரம்பித்த தங்கவேலு, "செத்துப்போன அம்மா" என்பது காதில் ஏறியதும் நிறுத்தினான். "நீ பட்டுல சுத்திக் கொண்டாந்தியேடா!"

"கீறல் விழக்கூடாதுன்னு சுத்துனேண்ணே!"

"கீறல் விழக்கூடாதுன்னா கோணிச் சாக்குல சுத்தணும். பட்டுல சுத்துனா என்ன அர்த்தம்னு இந்தத் தெருவுல நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும்."

"எனக்கு வெள்ளிச் சாமான் தொடைக்கத் தெரியும், சூப்பு ஊத்தத் தெரியும். உங்க பட்டு சாஸ்திரம் எனக்கு எப்படித் தெரியும்?"

கனகாம்பாள் கோவணம் கட்டிய பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக இந்த இடத்தில் தங்கவேலுவுக்கு ஒரு யோசனை வரும். கெட்டுப்போன சரக்கை விற்கிற யோசனை எதுவாவது. இப்போது வரவில்லை. கடைக்கு முன்னால் ஒரு போலீஸ்காரன் குடையோடு கடந்து போனான். மூன்று பேரும் அவன் தெருமுனை திரும்புகிறவரை மூச்சுவிடவில்லை.

"உரிச்சிடலாம்" என்றாள் கனகாம்பாள் கடைசியில். "புளியங்கொட்டைப் பசைதானே. தண்ணி பட்டா விட்டுடும்."

"படத்தோட சாயமும் விட்டுட்டா?" என்றான் தங்கவேலு.

அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் அடுத்த சந்தில் இருந்தார். இனாயத்துல்லா பாய் கல் அச்சு வைத்திருந்தார். சுருட்டுப் பெட்டிக்கும் தீப்பெட்டிக்கும் கலரில் லேபிள் அடிப்பவர். வண்ணத்துக்கு ஒரு கல் என்று மஞ்சள், சிவப்பு, நீலமாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, யானை மார்க்கோ மயில் மார்க்கோ கேட்டபடி கொடுப்பார். படத்தைப் பார்த்ததும் முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். யாருடைய படம் என்று சொன்னதும் எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏம்ப்பா வேலு, தீயைக் கொண்டாந்து என் காகிதக் கடையிலயா வைக்கிறே? நான் இதப் பார்க்கவே இல்ல. நீங்க வரவே இல்ல."

"வரலே பாய். வராத ஆளுக்கு ஒரு வழி சொல்லுங்க."

பாய் பூதக்கண்ணாடியை எடுத்தார். பட்டு மறைக்காத ஓரத்தை வெகுநேரம் பார்த்தார். "இது கல்லுல அடிச்சதில்ல. செப்புத் தகடு. ஊசியால கோடு கீறி, கந்தைத்துணியால ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு மையத் தடவி, அழுத்தி எடுத்திருக்கான்."

"எடுத்திருக்கா" என்றான் லூர்து. "பொம்பளையாம். துரை விருந்தாளிகளுக்குச் சொல்லுவாரு. ஒவ்வொரு தடவையும் கையாலயே மை பூசணுமாம். அதனால ஒரு படம் மாதிரி இன்னொண்ணு இருக்காதாம்."

இன்னொன்று இருக்காது என்பது இனாயத்துல்லா பாய்க்குத் தொழில் ரீதியில் அவமானமாகவும், மற்ற மூவருக்கும் தூக்குக் கயிறாகவும் பட்டது. பாய் நாக்கில் விரலைத் தொட்டு, மூலையில் பச்சை இருந்த இடத்தில் அழுத்தினார். விரல் சுத்தமாக வந்தது. "எண்ணெய் மை. தண்ணிக்கு அசையாது. உரிச்சுக்கலாம். ஆனா கெட்டுச்சுன்னா என் பேரு வெளிய வரக்கூடாது."

"வந்தா உங்க லேபிளுக்கு நல்ல விளம்பரம் பாய்" என்றான் தங்கவேலு. யாரும் சிரிக்கவில்லை. சொன்னவனும் சிரிக்கவில்லை.

மாடியில் பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் வைத்துப் படத்தை மிதக்கவிட்டார்கள். லூர்து ஜெபமாலையை உருட்டினான். கனகாம்பாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பிரசவம் பார்க்கிறவள் மாதிரி குனிந்தாள். சம்க்கிகள் முதலில் கழன்று மிதந்தன. பிறகு சிவப்புப் பட்டு ஓரத்தில் தூக்கிக்கொண்டது. விரல் நுனியால் அவள் அதை மெல்ல மெல்ல விலக்க, அடியில் வெளிறிய மஞ்சள் கவுன் வெளியே வந்தது. கெடவில்லை. புல் வந்தது. வாத்து வந்தது. லூர்து முதல்முறையாகச் சத்தமாக மூச்சுவிட்டான்.

கடைசியாகக் கோவணத்தை எடுத்தாள். பிள்ளையின் வயிற்றிலிருந்து தொடைவரை நீலமாக இருந்தது.

"என்னக்கா இது?"

கனகாம்பாள் நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "துத்தம்" என்றாள். "மழைக்காலமாச்சே, பூச்சி அரிக்கக் கூடாதுன்னு பசையில மயில்துத்தம் கொஞ்சம் தூக்கலாப் போட்டேன். கோவணத்துக்கு மட்டும் ரெண்டாந்தரம் பசை வச்சேன், ஒட்டாம இருந்துச்சேன்னு."

தேய்த்தால் காகிதம் பிரியும். எலுமிச்சை பிழிந்தால் காகிதத்தையே தின்றுவிடும் என்று பாய் சொல்லி அனுப்பியிருந்தார். தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்தார்கள். நீலம் கொஞ்சம் மங்கியது, போகவில்லை. பட்டை உரித்தாகிவிட்டது, பீலியைப் பிடுங்கியாகிவிட்டது, சம்க்கியெல்லாம் தாம்பாளத்தின் அடியில் கிடந்தது. ஆனால் கண்ணன் மட்டும் போக மாட்டேன் என்று பாரிஸ்காரியின் முழங்காலில் சாய்ந்துகொண்டு நின்றான்.

காயவைத்து, புதுக் கண்ணாடி போட்டு, கோணிச் சாக்கில் சுற்றிக் கொடுத்தான் தங்கவேலு. லூர்து அதை வாங்கிக்கொண்டு நடந்தபோது, இறந்த பிள்ளையைத் தூக்கிப் போகிறவன் மாதிரி இருந்தான்.

மறுநாள் துரைசானி ரயிலிறங்கி வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தாள். மற்றவர்கள் அந்தப் படத்தைத் தாண்டிப்போவார்கள். அவள் மட்டும் தினமும் நின்று பார்ப்பாள் என்பது லூர்துவுக்குத் தெரியும். அவன் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றான். கோப்பைகள் தட்டில் தாமாகவே பேசிக்கொண்டன.

"லூர்து."

அவன் தட்டைக் கீழே வைத்தான். துடைப்பக் காம்பு, கண்ணாடி, பட்டு, யசோதை, துத்தம் எல்லாவற்றையும், ஒன்றும் கேட்கப்படுவதற்கு முன்பே கொட்டிவிட்டான். இத்தனை வருஷம் துரையிடம் இருந்ததில் அவன் கற்றுக்கொண்டது அதுதான்: கேள்விக்கு முன்னால் பதிலைக் கொடுத்துவிட்டால் கொஞ்சம் குறைவாக வலிக்கும்.

துரைசானி கத்தவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "துரை எப்போது வருகிறார்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக் கப்பல்லம்மா."

அவள் கையுறையைக் கழற்றப் பார்த்தாள். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அப்போதுதான் லூர்து கவனித்தான்: தட்டில் கோப்பைகள் ஆடியது போலவே அந்த விரல்களும் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு வெள்ளைக்காரி பயப்படுவதை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. தன் பயத்தைவிட அது அவனை அதிகமாக மிரட்டியது. மழைக்கு ஒதுங்கின சுவரே ஈரமாக இருந்தால் எங்கே போவது?

"மழை ஈரம் படாமல் இதைக் கழற்றித் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மலைக்குப் போ என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்" என்றாள் அவள். "மறந்துவிட்டேன்."

வழக்கு எடுக்கப்பட்டால் முதல் குற்றவாளி யார் என்பது இருவருக்கும் விளங்கியது.

அன்று பிற்பகல், கையால் இழுக்கிற லஞ்சா வண்டி ஒன்று மழைப் படுதாவை இறக்கிவிட்டுக்கொண்டு மொகல் தெருச் சந்தில் வந்து நின்றது. மோட்டார் வைத்திருக்கிற துரைசானி லஞ்சாவில் வந்தாள் என்பதைப் பார்த்ததுமே தங்கவேலுவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கடைக்குள் வந்தவளுக்கு உட்கார முக்காலி போட்டான். லூர்து நடுவில் நின்று அங்குமிங்குமாக மொழிபெயர்த்தான்.

நீலத்தை எடுக்க முடியுமா என்று அவள் கேட்டாள். முடியாது என்றார்கள். பிள்ளையின் சதை நிறத்தில் மேலே தீட்டிவிட முடியுமா?

தங்கவேலுவின் வாயில் "முடியும்" என்ற சொல் ஏற்கெனவே தயாராக இருந்தது. எந்தக் கிராக்கிக்கும் அவன் "முடியாது" என்று ஒரு நாளில் இரண்டு தடவை சொன்னதில்லை. அதற்குள் கனகாம்பாள் மாடிப்படியிலிருந்து குறுக்கிட்டாள்.

"வேணாம்னு சொல்லு தம்பி. மேல பூசுனா கிட்டப் பாத்தா திட்டாத் தெரியும். நீலமாவது காகிதத்துக்குள்ள ஊறிக் கெடக்கு, அச்சுல வந்தது மாதிரியே இருக்கு. பூசுனா அதுக்குப் பேரு மோசடி."

"இப்ப மட்டும் என்ன பேராம்?" என்று தங்கவேலு முணுமுணுத்தான்.

"இப்ப பேரு தப்பு. நான் செஞ்ச தப்பு. அதையும் சொல்லு தம்பி, அந்தம்மாகிட்ட. துரை கேட்டா என்னைக் காட்டச் சொல்லு."

லூர்து அதை மொழிபெயர்த்தான். துரைசானி கனகாம்பாளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையை அசைத்தாள். "துரை உன்னைக் கேட்க மாட்டார். என்னைக் கேட்பார்" என்றாள். லூர்து அதையும் தமிழில் சொன்னான்.

அவள் படுதாவுக்குள் ஏறி உட்கார்ந்து போன பிறகு தங்கவேலு சொன்னான்: "ஜட்ஜோட பொண்டாட்டிக்கே ஜாமீன் கெடைக்கல. நம்ம கதி என்ன கனகு?"

ஞாயிற்றுக்கிழமை துரை வந்தார். குளித்தார். விருந்துக்கு ஆள் சொல்லியிருந்தார்: துறைமுகத்து அதிகாரி ஒருவரும், சீமையிலிருந்து வந்து தங்கியிருந்த அவருடைய தங்கையும். அந்தத் தங்கை படம் வரைகிறவள் என்று கேட்டதும் லூர்துவின் கையிலிருந்த சூப்புப் பாத்திரம் ஒருமுறை கனத்தது.

சாப்பாட்டு அறையில் விளக்குகளை ஏற்றச் சொன்னவர் துரையே. விருந்தாளிகளை நேராகப் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அம்மா, பாரிஸ், தகடு, கந்தைத்துணியால் பூசிய மை என்று எப்போதும் சொல்வதையெல்லாம் சொன்னார். துரைசானி மேஜையின் மறுகோடியில் உட்கார்ந்து, ஒரு முட்கரண்டியை நேராக வைத்தாள். அதையே திரும்பவும் நேராக வைத்தாள்.

துரையின் பேச்சு நடுவில் நின்றது. அவர் முன்னால் குனிந்தார்.

வெளியே ஏரியில் மழை பெய்யும் சத்தம் லூர்துவுக்குத் தெளிவாகக் கேட்டது. பின்கட்டில் அமலி இருமுவதும் கேட்டது. கப்பல் தளம், ஆடு, மூட்டை, தாணாவின் கம்பி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணுக்குள் அச்சாகி விழுந்தன.

"இதோ" என்றார் துரை, அதிகாரியின் தங்கையைத் திரும்பிப் பார்த்து. "குழந்தையின் மேலிருக்கிற இந்த நீலத்தைப் பாருங்கள். நம் ஊர்ச் சித்திரக்காரன் நிழல் என்றால் கரியைப் பூசுவான். வெயிலில் நிழல் கறுப்பு இல்லை, நீலம். பாரிஸ்காரர்கள் அதை அந்த நாளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். புதுக் கண்ணாடி மாதிரி என்ன தெளிவாகத் தெரிகிறது இன்றைக்கு!"

லூர்து பாத்திரத்தைக் கீழே வைக்க இடம் தேடினான்.

அதிகாரி, "ஆமாம், ஆமாம்" என்றார். அவருக்குச் சூப்பு வேண்டியிருந்தது. தங்கை மட்டும் நகரவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "நிழல் என்றால்," என்று மெதுவாகச் சொன்னாள், "தாயின் மேலும் விழ வேண்டுமே. இரண்டு பேரும் ஒரே வெயிலில்தானே இருக்கிறார்கள்? அவள் கையில் நீலமே இல்லையே."

துரை மறுபடி குனிந்தார். இந்தமுறை சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கோர்ட்டில் அவர் அந்தக் கண்ணாடியை மாட்டினால் வக்கீல்கள் உட்கார்ந்துவிடுவார்கள் என்று லூர்து கேள்விப்பட்டிருக்கிறான்.

"அது நிழல் இல்லை" என்றாள் துரைசானி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"குளத்துத் தண்ணீரின் நீலம் குழந்தையின் மேல் அடிக்கிறது. தாய் தள்ளி இருப்பதால் அவள் மேல் விழவில்லை. சித்திரக்காரியே அப்படிச் சொன்னாளாம். உங்கள் அம்மா சொன்னார்."

துரை கண்ணாடிக்கு மேலாக மனைவியைப் பார்த்தார். "அம்மா என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை."

"என்னிடம் சொன்னார்."

பொய்யில் பல தரம் உண்டு. தெருவில் பிறந்தவர்களுக்குத் தரம் பிரிக்கத் தெரியும். இது முதல் தரம். செத்தவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டாள். குறுக்கு விசாரணைக்கு எந்தச் சட்டத்திலும் வழியில்லை. ஆனால் சரக்கு எவ்வளவு நல்லதானாலும் வாங்குகிறவன் வாங்க வேண்டுமே. துரை வாங்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. மனைவியின் முகத்தில் பார்வையை வைத்தபடியே நின்றார். துரைசானி பார்வையைத் தாழ்த்தவில்லை. மேஜைக்கு அடியில், மடியில் கிடந்த சாப்பாட்டுத் துணியை அவள் இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருப்பது பின்னால் நின்ற லூர்துவுக்கு மட்டும் தெரிந்தது.

அவன் நகர்ந்து போய் துரையின் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தான். கேட்கப்படாமல் பட்லர் அதைச் செய்வது முறையில்லை. நாற்காலிக் கால் தரையில் கரகரத்தது. துரை கண்ணாடியைக் கழற்றினார்; உட்கார்ந்தார்.

"அம்மா உன்னிடம் நிறையப் பேசியிருக்கிறார்போல" என்றார், சூப்பில் கரண்டியைத் தொட்டுக்கொண்டே. அது சந்தேகமா, ஏக்கமா என்று அந்த மேஜையில் யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எந்த விருந்தாளி வந்தாலும் துரை அந்தக் குளத்து நீலத்தைக் காட்டாமல் விடுவதில்லை. தன் அம்மா சொன்னது என்றே சொல்வார். ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்து, ஒரு கணம் நிறுத்தி, மேஜையின் மறுகோடியைப் பார்ப்பார். அங்கே துரைசானி சிரிப்பாள். பிறகு அவள் கண் லூர்துவைத் தேடும்.

அமலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கனகாம்பாளின் ஜோசியம் அதிலும் பொய்த்தது. குழந்தைக்கு நடை வந்த சமயம், கப்பல் கம்பெனித் துரை ஒருவர் லூர்துவுக்குக் கூடுதல் சம்பளமும் இரண்டு அறையும் தருவதாகச் சொல்லியனுப்பினார். தங்கவேலு கடையில் உட்கார்ந்து, "போடா, யாரு தடுக்கிறா? பயந்துகிட்டே எத்தனை நாளைக்கு இருப்ப?" என்றான்.

லூர்து அன்று மாலை தேநீர்த் தட்டோடு போய், மெதுவாக விஷயத்தை ஆரம்பித்தான். துரைசானி கோப்பையைக் கையில் எடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள்; முகத்தில் இரத்தமே இல்லை. பங்களாவை விட்டு வெளியே போகிற வாய் எங்கே போய் எதைச் சொல்லும் என்று அவள் நினைத்ததை அவன் படித்துவிட்டான். தான் வெளியே போனபின் ஒரு நாள் துரையிடம் அவள் தனியாக அகப்பட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று அவனும் நினைத்தான்.

"சர்க்கரை ஒண்ணாம்மா, ரெண்டாம்மா?" என்று கேட்டான்.

அவனை வேலையை விட்டு அனுப்ப துரைசானிக்கு இனித் தைரியம் கிடையாது. விட்டுப் போக அவனுக்கும்.